வாப்பா விட்டுச்சென்ற கடனும் சகோதரிகளும்: ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வாழ்வு

(பாபநாசம் வட்டார ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் சொல்லித் தொடங்குகிறேன். அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.



இந்த உரையைப் பள்ளியில் உட்கார்ந்து கேட்டவர்களும் இருப்பீர்கள். கேட்க வர முடியாமல் போனதால் இப்போது செல்போனில் வாசிக்கிறவர்களும் இருப்பீர்கள். உங்களில் ஒருவர் இந்த நேரத்தில் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்திருக்கலாம். உள்ளே வாப்பாவோ உம்மாவோ படுத்திருக்கலாம். பாபநாசத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். போய்வரப் பஸ் செலவு, மருந்துச் செலவு, வேலைக்குப் போகாத நாளின் கூலி என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய உரை முதலில் உங்களுக்குத்தான்.

ஜும்ஆ தவறிவிட்டதே என்று வருந்துகிறீர்களா? கவனிக்க வேறு ஆள் இல்லாத நோயாளியை விட்டு வர முடியாதவருக்கு ஜும்ஆவுக்கு வராமல் இருக்கச் சலுகை உண்டு என்று நம் இமாம்கள் சட்ட நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் அந்த இடத்தில் லுஹர் தொழுதுகொள்ளலாம். பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது உஸ்மான் (ரலி) அவர்கள் போகவில்லை. அவர்களின் மனைவியும் நபி (ஸல்) அவர்களின் மகளாருமான ருகைய்யா (ரலி) அவர்கள் கடும் நோயில் இருந்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொண்டு மதீனாவில் இருக்குமாறு நபி (ஸல்) அவர்களே சொன்னார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்கு உள்ள நற்கூலியும் பங்கும் உஸ்மானுக்கும் உண்டு என்றும் அறிவித்தார்கள். நோயாளியின் தலைமாட்டில் கழிந்த நாள்கள் பத்ர் களத்தில் கழிந்த நாள்களோடு சேர்த்து எண்ணப்பட்டன. உங்கள் இரவுகளும் வீணாகாது, இன்ஷா அல்லாஹ்.

இன்று நாம் பார்க்கப்போவது இன்னொரு ஸஹாபியின் வாழ்வு. நோய், கடன், குடும்பப் பொறுப்பு மூன்றும் இளம் வயதிலேயே அவர் தலையில் விழுந்தன. அவர்தான் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள். ஹதீஸ் நூல்களைத் திறக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. 1,540 ஹதீஸ்கள் அவர்கள் வழியாக வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால், தகப்பனை இழந்து, கடன்காரர்கள் வாசலில் நிற்க, சகோதரிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஓர் இளைஞர் இருந்தார் என்பதை நாம் நினைப்பதில்லை.

உஹதுக்கு முந்தைய இரவு

ஜாபிர் (ரலி) மதீனாவின் அன்சாரிகளில், கஸ்ரஜ் கோத்திரத்தின் பனூ ஸலிமா கிளையைச் சேர்ந்தவர்கள். வாப்பா அப்துல்லாஹ் பின் அம்ர் பின் ஹராம் (ரலி). கி.பி. 622-இல் அகபாவில் நடந்த இரண்டாவது உடன்படிக்கையில் மதீனாவாசிகளின் சார்பில் பொறுப்பேற்ற பன்னிரண்டு தலைவர்களில் அவரும் ஒருவர். அந்த இரவில் வாப்பாவுடன் சிறுவயது மகன் ஜாபிரும் இருந்தார்கள்.

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு, கி.பி. 625. உஹதுப் போருக்கு முந்தைய இரவு வாப்பா மகனை அழைத்தார்கள். நாளைய போரில் முதலில் கொல்லப்படுகிறவர்களில் தானும் ஒருவனாக இருப்பேன் என்று தோன்றுவதாகச் சொன்னார்கள். அல்லாஹ்வின் தூதரைத் தவிர்த்து, தான் விட்டுச்செல்பவர்களில் மகனைவிடப் பிரியமானவர் யாரும் இல்லை என்றார்கள். பிறகு இரண்டு பொறுப்புகளை ஒப்படைத்தார்கள். தனக்குக் கடன் இருக்கிறது, அதை அடைக்க வேண்டும். சகோதரிகளிடம் நல்ல முறையில் நடந்துகொள்ள வேண்டும்.

இதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஷஹீதாகப் போகிற மனிதர், தன் கடைசி இரவில் மகனிடம் கடனைப் பற்றிப் பேசினார். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வாப்பாவுக்கு எவ்வளவு கடன், யாரிடம், எதற்காக என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. மவ்த்தான மூன்றாம் நாள் ஒருவர் வந்து சீட்டை நீட்டும்போதுதான் தெரியவரும். நோயாளியிடம் கடனைப் பற்றிக் கேட்டால் மனம் நோகுமே என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாரமாகுமே என்று வாப்பா மறைக்கிறார். இருவரும் அன்பினால்தான் மௌனமாக இருக்கிறார்கள், ஆனால் அந்த மௌனத்தின் விலையைப் பிறகு குடும்பமே கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் வாய் திறந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஓர் இரவுப் பேச்சு மகனுக்கு வழிகாட்டியது.

நினைத்தபடியே வாப்பா உஹதில் ஷஹீதானார்கள். ஜாபிர் (ரலி) அந்தப் போரில் இல்லை. சகோதரிகளைப் பார்த்துக்கொள்ள வாப்பாவே அவர்களை வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். செய்தி வந்ததும் ஓடிப்போய், வாப்பாவின் முகத்தில் கிடந்த துணியை விலக்கி விலக்கிப் பார்த்து அழுதார்கள். சுற்றி இருந்தவர்கள் தடுத்தார்கள், நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. மாமியும் அழுதார்கள். அழுதாலும் அழாவிட்டாலும் மலக்குகள் தங்கள் இறக்கைகளால் அவருக்கு நிழல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள்.

பேரீச்சந்தோட்டமும் கடன்காரர்களும்

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு மிச்சம் இருந்தது கடன். அதோடு சகோதரிகள். ஏழு பேர் என்றும் ஒன்பது பேர் என்றும் அறிவிப்புகள் வந்திருக்கின்றன. வருமானத்துக்கு ஒரு பேரீச்சந்தோட்டம் மட்டுமே.

கடன் எவ்வளவு? ஒருவருக்கு மட்டுமே 30 வஸக் பேரீச்சம்பழம். ஒரு வஸக் என்பது 60 ஸாஉ. இன்றைய அளவில் மொத்தம் ஏறத்தாழ நான்கு டன். தோட்டத்து விளைச்சல் முழுவதையும் கொடுத்தாலும் கடன் அடையாது என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இந்த நிலையை விளக்கத் தேவையில்லை. கார் அறுப்புக்குத் தருகிறேன் என்பார்கள், கார் பொய்த்தால் பிசானத்துக்குத் தருகிறேன் என்பார்கள். வயலில் பயிர் நிற்கும்போதே அதற்கு நான்கு பேர் கணக்கு வைத்திருப்பார்கள். மதீனாவிலும் அப்படித்தான். பழம் பறிக்கும் நாளை எதிர்பார்த்துக் கடன்காரர்கள் காத்திருந்தார்கள்.

ஜாபிர் (ரலி) முதலில் தவணை கேட்டார்கள். மறுக்கப்பட்டது. பிறகு நபி (ஸல்) அவர்களிடம் போய்ச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் கடன் கொடுத்தவர்களிடம் பரிந்து பேசினார்கள். இந்த ஆண்டு விளைச்சல் முழுவதையும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும்படி கேட்டுப் பார்த்தார்கள். அதற்கும் அவர்கள் உடன்படவில்லை. மதீனாவின் ஆட்சித் தலைவராக இருந்தும் நபி (ஸல்) அவர்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கடன் கொடுத்தவரின் உரிமை உரிமைதான், ஷஹீதின் வீடு என்பதால் அது இல்லாமல் போகாது.

பிறகு நபி (ஸல்) அவர்கள் தோட்டத்துக்கே வந்தார்கள். பழங்களைப் பறித்து ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியாகக் குவிக்கச் சொன்னார்கள். அஜ்வா ஒரு குவியல், மற்ற ரகங்கள் வேறு வேறு குவியல். தோட்டத்தில் நடந்து, பரக்கத்துக்காக துஆ செய்து, குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து, கடன்காரர்களுக்கு அளந்து கொடுக்கச் சொன்னார்கள். அளந்தார்கள், அளந்தார்கள், எல்லாருடைய கடனும் அடைந்தது. 30 வஸக் கொடுத்த பிறகு 17 வஸக் மிஞ்சியது என்று ஓர் அறிவிப்பு சொல்கிறது. குவியலில் இருந்து ஒரு பழம்கூடக் குறையாதது போல் இருந்தது என்று இன்னோர் அறிவிப்பு சொல்கிறது. இந்தச் செய்தியை உமரிடம் போய்ச் சொல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் ஜாபிரை அனுப்பினார்கள். தோட்டத்தில் அல்லாஹ்வின் தூதர் நடந்தபோதே பரக்கத் இறங்கும் என்று தான் அறிந்துகொண்டதாக உமர் (ரலி) சொன்னார்கள்.

இது நபி (ஸல்) அவர்களின் முஃஜிஸா. அதில் சந்தேகமில்லை. ஆனால் முஃஜிஸா இறங்குவதற்கு முன் ஜாபிர் (ரலி) அவர்களின் மனதில் இருந்தது என்ன என்பதையும் அவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். வாப்பாவின் கடனை அல்லாஹ் அடைத்துவிட்டால் போதும், சகோதரிகளிடம் ஒரு பழம்கூடக் கொண்டுபோகாமல் வெறுங்கையோடு திரும்பினாலும் தனக்குத் திருப்தியே என்று எண்ணியிருந்தார்கள். ஒளிந்துகொள்ளவோ, பழத்தை இரவோடு இரவாக அப்புறப்படுத்தவோ அவர்கள் நினைக்கவில்லை. நிய்யத் நேராக இருந்தது. அந்த நிய்யத்தின் மேல்தான் பரக்கத் இறங்கியது.

அந்தத் தோட்டத்தில் நடந்த வரிசையைக் கவனியுங்கள். பேசிப் பார்த்தார்கள், ஒத்துவராதபோது இருப்பதை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வகை வகையாகப் பிரித்து வைத்தார்கள், துஆ செய்தார்கள், அளந்து கொடுத்தார்கள். கடனில் இருக்கிற குடும்பம் இன்றும் செய்ய வேண்டியது இதுவே. ஒரு நோட்டை எடுங்கள். யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்கு என்று எழுதுங்கள். கடன் கொடுத்தவர் கேட்டு வருவதற்கு முன் நீங்கள் போய்ப் பேசுங்கள். போனை எடுக்காமல் இருப்பது எந்தக் கடனையும் அடைக்காது.

பேசும் சொந்தங்களும் ஒற்றை ஒட்டகமும்

ஜாபிர் (ரலி) நிகாஹ் செய்தார்கள். முன்பே திருமணமாகியிருந்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். கன்னிப் பெண்ணை மணந்து சேர்ந்து விளையாடி மகிழ்ந்திருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். வாப்பா ஷஹீதாகிச் சகோதரிகளை விட்டுச்சென்றிருக்கிறார், அவர்களைப் போலவே அனுபவமில்லாத ஒருத்தியை வீட்டுக்குக் கொண்டுவர மனமில்லை, அவர்களுக்குத் தலைவாரி விட்டு, ஒழுங்கு கற்றுக்கொடுத்துப் பராமரிக்கும் பெண்ணை விரும்பினேன் என்று விளக்கினார்கள். அவர்கள் செய்தது சரி என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டு துஆ செய்தார்கள்.

அந்த மனைவியையும் நினைத்துப் பாருங்கள். மாமனார் இல்லாத வீடு, கடன், அத்தனை நாத்தனார்கள். அந்த வீட்டுக்கு அவர் மனமுவந்து வந்தார். அகழ்ப் போரின்போது நபி (ஸல்) அவர்கள் பசியால் வயிற்றில் கல் கட்டியிருப்பதைக் கண்டு ஜாபிர் (ரலி) வீட்டுக்கு ஓடிவந்தபோது, இருந்த ஒரே ஒரு ஸாஉ வாற்கோதுமையைத் தயங்காமல் அரைத்து மாவாக்கியவரும் அவர்தான். ஒரு குட்டி ஆடும் அந்த மாவும் ஆயிரம் பேருக்குப் போதுமானதாக ஆன அந்தச் சம்பவம் உங்களுக்குத் தெரியும். இல்லாத வீட்டில் கொடுக்கிற மனம் இருந்தது.

புது மாப்பிள்ளையாக இருந்த சமயத்தில் ஒரு படையெடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் ஒட்டகம் சோர்ந்து பின்தங்கியது. அது தண்ணீர் சுமக்கிற ஒட்டகம், வீட்டில் இருந்ததும் அது ஒன்றுதான். நபி (ஸல்) அவர்கள் அருகில் வந்து, அதைத் தட்டி, துஆ செய்தார்கள். அது எல்லாவற்றுக்கும் முன்னால் ஓட ஆரம்பித்தது. பிறகு அதைத் தனக்கு விற்றுவிடுமாறு கேட்டார்கள். ஜாபிருக்கு வெட்கம். இருந்த ஒரே ஒட்டகம், ஆனாலும் கேட்கிறவர் அல்லாஹ்வின் தூதர். ஓர் ஊக்கியா வெள்ளிக்கு, அதாவது 40 திர்ஹத்துக்கு, மதீனா வரை தானே ஏறிவருவேன் என்ற நிபந்தனையோடு விற்றார்கள்.

ஊருக்கு வந்ததும் தாய்மாமா கேட்டார், விஷயத்தைச் சொன்னதும் கடிந்துகொண்டார். இருந்த ஒன்றையும் விற்றுவிட்டாயே என்று. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பும் சொந்தம் இப்படித்தான் பேசியது. கஷ்டத்தில் இருப்பவன் எதைச் செய்தாலும் அதில் ஒரு குறை சொல்ல ஒருவர் இருப்பார். நகையை ஏன் அடகு வைத்தாய், அந்த ஆஸ்பத்திரிக்கு ஏன் போனாய், முன்னாலேயே ஏன் பார்க்கவில்லை. சொல்கிற யாரும் ஒரு ரூபாய் கொடுத்திருக்க மாட்டார்.

மறுநாள் ஜாபிர் (ரலி) ஒட்டகத்தைப் பள்ளிவாசலில் ஒப்படைக்கப் போனார்கள். நபி (ஸல்) அவர்கள் பிலால் (ரலி) அவர்களிடம் விலையை நிறுத்துக் கொடுக்கச் சொன்னார்கள், கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கச் சொன்னார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு திரும்பியவரை மறுபடி அழைத்து, ஒட்டகத்தையும் கொண்டுபோகச் சொன்னார்கள். பணமும் அவருக்கே, ஒட்டகமும் அவருக்கே.

உதவுவது எப்படி என்று நபி (ஸல்) அவர்கள் இங்கே கற்றுத் தந்தார்கள். அந்த இளைஞருக்குத் தேவை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். சபையில் கூப்பிட்டுப் பணத்தைக் கையில் திணித்திருக்க முடியும். அப்படிச் செய்யாமல், அவரை ஒரு பொருளின் உரிமையாளராக, விலை பேசுகிறவராக, நிபந்தனை விதிக்கிறவராக நடத்தினார்கள். அவர் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனார். கூடுதலாகக் கிடைத்த அந்தச் சிறு வெள்ளியை ஜாபிர் (ரலி) செலவழிக்கவே இல்லை. ஒரு பையில் போட்டுப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஹிஜ்ரி 63-இல் ஹர்ரா நாளில் ஷாம் படையினர் மதீனாவில் புகுந்தபோது அது பறிபோனது.

ஒரு குடும்பம் நோயில் விழுந்தால் நாமும் உதவுகிறோம். ஆனால் சில சமயம் நோயாளியைப் படம் எடுத்து, மருத்துவச் சீட்டையும் சேர்த்து, வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம். அந்த வீட்டில் நாளை நிகாஹ் பேச வேண்டிய ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள் என்பதை மறந்துவிடுகிறோம். பீடி சுற்றுகிற ஒரு தாய்க்குக் கொடுக்க வேண்டுமானால், அவர் தைத்துத் தருகிற துணிக்கோ, செய்து தருகிற பலகாரத்துக்கோ கூலியைக் கூட்டிக் கொடுக்கலாம். மளிகைக் கடையில் அவர்கள் பெயரில் உள்ள பாக்கியைச் சத்தமில்லாமல் அடைக்கலாம். ஜாபிரின் ஒட்டகத்தை நினைவில் வையுங்கள்.

அவர்களே படுத்தபோது

பிறகு ஜாபிர் (ரலி) அவர்களே கடுமையாக நோய்வாய்ப்பட்டார்கள். பனூ ஸலிமாவின் குடியிருப்பு பள்ளிவாசலிலிருந்து தூரத்தில் இருந்தது. அத்தனை தூரத்தையும் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் நடந்தே வந்தார்கள். வந்து பார்த்தால் ஜாபிர் நினைவின்றிக் கிடந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒளு செய்து அந்தத் தண்ணீரை அவர்கள் மீது ஊற்றினார்கள். கண் விழித்தார்கள்.

கண் விழித்ததும் அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன் சொத்தை என்ன செய்வது என்று கேட்டார்கள். தகப்பனும் இல்லை, அப்போது பிள்ளையும் இல்லை, இருந்தவர்கள் சகோதரிகள்தான். தான் போய்விட்டால் அவர்கள் கதி என்ன என்பதுதான் அந்தப் படுக்கையில் இருந்த ஒரே கவலை. சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கை எழுதிவைக்கட்டுமா, பாதியை எழுதிவைக்கட்டுமா என்று கேட்டதாகவும் வந்திருக்கிறது. இந்த நோயில் நீங்கள் மரணிக்கமாட்டீர்கள் என்றே கருதுவதாக நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஸூரத்துன் நிஸாவின் வாரிசுரிமை வசனம் இறங்கியது. பிள்ளையில்லாமல் இறப்பவரின் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்று அல்லாஹ்வே முடிவு செய்தான். அந்த வசனம் தன் விஷயத்தில் இறங்கியது என்று ஜாபிர் (ரலி) சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சகோதரனின் கவலை, கியாமத் நாள் வரை எல்லாச் சகோதரிகளுக்குமான சட்டமாக ஆனது. இன்று தன் கூடப்பிறந்தவளின் பங்கைக் கொடுக்காமல், சீர் செய்துவிட்டோமே என்று சொல்லி முடிக்கிறவர்கள், ஜாபிரின் நோய்ப்படுக்கையை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும்.

கடனைப் பற்றி அவர்கள் கொண்டுவந்த செய்திகள்

கடன் என்றால் என்ன என்று உடம்பால் அறிந்தவர் என்பதாலோ என்னவோ, கடன் பற்றிய மிக முக்கியமான சில ஹதீஸ்கள் ஜாபிர் (ரலி) வழியாகவே நமக்கு வந்திருக்கின்றன.

ஒரு ஜனாஸா தொழுகைக்குக் கொண்டுவரப்பட்டது. அவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இரண்டு தீனார் உண்டு என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் திரும்பிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) முன்வந்து அந்த இரண்டு தீனாரும் தன் பொறுப்பு என்றார்கள். அதன் பிறகே தொழவைத்தார்கள். மறுநாள் அந்த இரண்டு தீனார் என்ன ஆனது என்று விசாரித்தார்கள். நேற்றுத்தானே இறந்தார் என்று பதில் வந்தது. அடுத்த நாளும் விசாரித்தார்கள். கொடுத்துவிட்டேன் என்று அபூகதாதா சொன்ன பிறகுதான், இப்போதே அந்த மனிதரின் மேனி குளிர்ந்தது என்றார்கள்.

வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதற்குக் கணக்கு எழுதுபவர், சாட்சி நிற்கும் இருவர் எல்லாரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள், அவர்கள் எல்லாரும் பாவத்தில் சமம் என்றார்கள் என்ற செய்தியை அறிவித்தவரும் ஜாபிர் (ரலி) அவர்களே.

நம் மாவட்டத்தில் வட்டி என்ன செய்யும் என்று நாம் பார்த்துவிட்டோம். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பிள்ளைகள் என ஒரு குடும்பமே தீக்கு இரையானது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் ஏன் அந்த வாசலுக்குப் போகிறார்கள்? ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சுவலி வந்தால் உடனே பணம் கிடைப்பது அங்கேதான் என்பதால். அந்த நேரத்தில் ஜமாஅத்தின் கதவு பூட்டியிருக்கிறது, வட்டிக்காரரின் கதவு திறந்திருக்கிறது. இதற்கு நாமும் பதில் சொல்ல வேண்டும், சகோதரர்களே. வட்டிக்கு வாங்கியவனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் ஸலாம் கொடுத்து எழுந்துபோக முடியாது.

வாக்கு நிறைவேறிய விதம்

பஹ்ரைனிலிருந்து பொருள் வந்தால் இவ்வளவு, இவ்வளவு, இவ்வளவு தருகிறேன் என்று நபி (ஸல்) அவர்கள் ஜாபிருக்குக் கையால் காட்டி வாக்களித்திருந்தார்கள். பொருள் வருவதற்குள் வஃபாத்தாகிவிட்டார்கள். அபூபக்ர் (ரலி) ஆட்சிக் காலத்தில் அந்தப் பொருள் வந்தது. அல்லாஹ்வின் தூதர் யாருக்காவது வாக்களித்திருந்தாலோ, கடன்பட்டிருந்தாலோ வரட்டும் என்று அபூபக்ர் (ரலி) அறிவிக்கச் செய்தார்கள். ஜாபிர் (ரலி) போனார்கள். அபூபக்ர் (ரலி) ஒரு கை அள்ளிக் கொடுத்து எண்ணச் சொன்னார்கள். 500 இருந்தது. அதைப் போல இன்னும் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எழுத்தில் இல்லாத ஒரு வாக்கு, சொன்னவர் மறைந்த பிறகு, பொறுப்புக்கு வந்தவரால் நிறைவேற்றப்பட்டது.

ஜாபிர் (ரலி) நீண்ட காலம் வாழ்ந்தார்கள். ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாமுக்குப் போனார்கள். மஸ்ஜிதுன் நபவியில் உட்கார்ந்து கல்வி கொடுத்தார்கள். நபி (ஸல்) அவர்களின் ஹஜ்ஜை அடியடியாக விவரிக்கும் நீண்ட ஹதீஸ் அவர்கள் சொன்னது. முதுமையில் பார்வை போனது. ஹிஜ்ரி 78 அளவில், 94-ஆம் வயதில் மதீனாவில் வஃபாத்தானார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நினைவில்லாமல் கிடந்த அந்த இளைஞருக்கு அல்லாஹ் அத்தனை ஆண்டுகளை மிச்சம் வைத்திருந்தான். இன்று உங்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்து எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முடிவு செய்வது நம் கையில் இல்லை.

நீங்கள் இனி செய்ய வேண்டியது

நோயாளியைக் கவனிக்கிறவரே, முதலில் உங்களுக்குச் சொல்கிறேன். தனியாகச் சுமக்காதீர்கள். ஜாபிர் (ரலி) நபியிடம் போய்ச் சொன்னார்கள், அது அவர்களுக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றவில்லை. தமிழக அரசின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அட்டை எடுக்கவில்லை என்றால் நோய் வருவதற்கு முன்பே எடுத்துவையுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் அதன் வழியாகக் கிடைக்கும் மருத்துவ உதவியையும் விசாரியுங்கள். இது பிச்சை இல்லை, உங்கள் உரிமை.

கூடப்பிறந்தவர்களே, ஒருவர் மட்டும் ஆஸ்பத்திரியில் கிடக்க மற்றவர்கள் போனில் நலம் விசாரித்தால் போதாது. பணம் இருப்பவர் பணம் கொடுங்கள். பணம் இல்லாதவர் இரண்டு இரவு போய் உட்காருங்கள். ஆறு மாதமாகத் தூங்காத அந்த மருமகளுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள்.

வசதியுள்ளவர்களே, பெற்றோர், பிள்ளைகள், மனைவிக்குச் செய்யும் செலவு உங்கள் கடமை, பொதுவாக அதை ஜகாத்தில் எழுத முடியாது. ஆனால் தேவையில் இருக்கும் அண்ணன் தம்பிக்கும் அக்கா தங்கைக்கும் ஜகாத் கொடுக்கலாம். அதில் தர்மத்தின் கூலியும் உறவைச் சேர்த்த கூலியும் என இரண்டு கூலி உண்டு. ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடனில் மூழ்கியவர்களையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். ரமளானில் சேலை வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு குடும்பத்தின் மருத்துவக் கடனை முழுதாக அடைத்துப் பாருங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே, வட்டியில்லாக் கடனுக்கு ஒரு சிறிய நிதியைத் தொடங்குங்கள். ராத்திரி பத்து மணிக்கு அழைத்தால் எடுக்கிற ஒரு போன் நம்பர் இருக்கட்டும். விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கடையம் என்று பக்கத்து ஜமாஅத்துகளும் கைகோர்த்தால் அது பாரமாக இருக்காது.

யா அல்லாஹ்! நோயில் இருக்கும் எங்கள் பெற்றோருக்கும் உறவினருக்கும் பரிபூரண ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களைக் கவனிக்கிறவர்களின் களைப்பைக் கூலியாக மாற்றுவாயாக. கடனில் தவிக்கும் குடும்பங்களின் கடனை ஹலாலான வழியில் அடைத்துத் தருவாயாக. வட்டியின் வாசலை எங்களுக்கு மூடி, உன் அருளின் வாசலைத் திறப்பாயாக. கடனோடு மவ்த்தானவர்களின் பொறுப்பை ஏற்கும் பிள்ளைகளை எங்களில் உண்டாக்குவாயாக. ஜாபிர் (ரலி) அவர்களின் தோட்டத்தில் இறக்கிய பரக்கத்தில் ஒரு துளியை எங்கள் வீடுகளிலும் இறக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.